பாசியிலிருந்து பெட்ரோல்: வாசகர் கேள்விகள்

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குக்குப் பங்க்கு வந்ததிலிருந்து, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களிலும் எரிபொருள் வாடை தூக்கலாக அடிக்கிறது. அவற்றில் பாசி பற்றிய கேள்விகளை மட்டும் தனியே எடுத்து இந்த இதழுக்கு வைத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் காலமெல்லாம் வேலை பார்த்தது ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில். பெட்ரோலுக்கு ஆக்டேன் பார்ப்பது, டீசலுக்குக் கந்தகம் பார்ப்பது, ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவது. செடிகொடி விஷயத்தில் நான் கற்றுக்குட்டி. எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

கேள்வி: பாசியிலிருந்து பெட்ரோல் எடுத்துக் கார் ஓட்டுவதாக வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. நிஜமா, கிராபிக்ஸா?
(பொறியியல் மாணவர், நாமக்கல்)

பதில்: நிஜம்தான் தம்பி. 2008-இல் சாப்ஃபயர் எனர்ஜி என்ற கலிஃபோர்னியா நிறுவனம், பாசியிலிருந்து 91 ஆக்டேன் பெட்ரோல் செய்துவிட்டதாக அறிவித்தது. மறு ஆண்டே ஒரு டொயோட்டா பிரியஸ் காருக்கு ‘ஆல்ஜியஸ்’ என்று பெயர் வைத்து சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிக் காட்டினார்கள். உங்களுக்கு வந்தது அந்தப் படமாகக்கூட இருக்கலாம். அந்த மாதிரிப் படங்களில் அடக்கி வாசிக்கப்படும் விஷயம் ஒன்று உண்டு: அது சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடும் ஹைபிரிட் கார். டேங்கில் இருந்ததும் கலவை. அதில் பாசியின் பங்கு கொஞ்சம்தான்.

பாசி பெட்ரோலைச் சுரப்பதில்லை. வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டு சர்க்கரை செய்கிறது. செலவு போக மிஞ்சியதைச் சில இனங்கள் எண்ணெயாகச் சேர்த்து வைக்கின்றன. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எந்த ஜாதியோ அதே ஜாதிதான். ஒரு கிளிசராலில் மூன்று நீண்ட கொழுப்புச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் பதினாறு, பதினெட்டு கார்பன் அணுக்கள். இந்த நீளம் டீசலுக்குத் தோதானது. மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் பயோடீசல் வந்துவிடும். உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். பெட்ரோல் அப்படியல்ல. அதில் இருப்பவை 4 முதல் 12 கார்பன் வரையுள்ள குட்டி மூலக்கூறுகள். ஆகவே சங்கிலிகளை நறுக்க வேண்டும், அதில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். கேடலிஸ்ட் (வினையூக்கி), ஐந்நூறு டிகிரி வெப்பம், ஹைட்ரஜன் என்று கடைசியில் எங்கள் ரிஃபைனரி வாசலுக்குத்தான் வந்து நிற்க வேண்டும். ‘வீட்டிலேயே பாசி பெட்ரோல்’ என்று யாராவது சொன்னால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள்.

விதிவிலக்காக ஒரு பாசி உண்டு. போட்ரியோகாக்கஸ் பிரவுனி என்று பெயர். இது சேமிப்பது சமையல் எண்ணெய் வகையை அல்ல, நேரடியாக ஹைட்ரோகார்பனையே, அதாவது பெட்ரோலைப்போல் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள பொருளை. உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் ஹைட்ரோகார்பனாக வைத்திருக்கும் வகைகள் இருக்கின்றன. ரிஃபைனரியில் பெரிய மூலக்கூறுகளை நறுக்கும் கிராக்கரில் விட்டு உடைத்தால் பெட்ரோல் நன்றாகவே வரும். தென் ஆஸ்திரேலியாவில் கூராங் என்ற இடத்தில் இது செத்துப் படிந்து ரப்பர் போலக் கிடந்ததைப் பார்த்து, கீழே எண்ணெய் வயல் இருக்கிறது என்று நம்பி 1860-களில் துளை போட்டிருக்கிறார்கள். எண்ணெய் வரவில்லை. வந்திருந்தது குளத்தின் மேல்பரப்பிலிருந்து என்பது பிறகுதான் புரிந்தது. நம் கொடைக்கானல் தண்ணீரிலிருந்தும் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தார் இதைப் பிரித்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். குறை ஒன்றுதான்: மகா சோம்பேறி. மற்ற பாசிகள் ஒரு நாளில் இரட்டிப்பாகும்போது இது பல நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் வேறு பாசி வந்து குளத்தைப் பிடித்துவிடும்.

கேள்வி: என் பைக் பத்து சதவீத எத்தனாலுக்குத்தான் ஏற்றது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. பாசி பெட்ரோல் வந்தால் அதுவும் ரப்பர் குழாயை அரிக்குமா? மைலேஜ் குறையுமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும் இல்லை. ரிஃபைனரியில் உடைத்துச் சுத்தம் செய்த பிறகு அது பெட்ரோலில் இருக்கும் அதே ஹைட்ரோகார்பன்தான். என்னிடம் இரண்டு சாம்பிள் பாட்டிலைக் கொடுத்து எது பாசி, எது அரபு நாட்டு க்ரூட் (கச்சா எண்ணெய்) என்று கேட்டால் வழக்கமான சோதனைகளால் சொல்ல முடியாது. கார்பன்-14 பார்த்தால்தான் தெரியும்; அண்மையில் வளர்ந்த பாசியில் அது இருக்கும், பழைய க்ரூட்டில் இருக்காது. எத்தனால் வேறு பொருள். ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. உங்கள் கோபம் அங்கே நியாயம், பாசி மேல் வேண்டாம்.

கேள்வி: ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தார் வந்து, ஏக்கருக்கு இவ்வளவு முதலீடு செய்து பாசிக் குளம் வெட்டினால் விளைச்சலை எரிபொருளுக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம், பாமாயிலைவிடப் பத்து மடங்கு எண்ணெய் கிடைக்கும் என்கிறார்கள். இறங்கலாமா?
(விவசாயி, தேனி மாவட்டம்)

பதில்: அய்யா, நிறுவனத்தின் பெயரை எழுதியிருந்தீர்கள், நான் வெளியிடவில்லை. பதில் யாருக்கும் பொருந்தும்: எரிபொருளுக்கு என்றால் இறங்காதீர்கள்.

பத்து மடங்கு என்பது காற்றில் பிறந்த கணக்கல்ல. நியூசிலாந்துப் பேராசிரியர் யூசுஃப் சிஸ்டி 2007-இல் எழுதிய கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு எண்ணெய்ப்பனை 5,950 லிட்டர், காட்டாமணக்கு 1,892, முப்பது சதவீத எண்ணெய் உள்ள பாசி 58,700. உலகத்தில் எந்தப் பாசி விளம்பரத்தைப் பிரித்தாலும் உள்ளே இந்தப் பட்டியல் இருக்கும். பனை, காட்டாமணக்கு எண்கள் மண்ணிலிருந்து வந்தவை. பாசி எண் கணக்குப் போட்டு வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்க அரசு நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல்லில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்கள் இரண்டு வெட்டிப் பார்த்தது. நல்ல நாளில் சதுர மீட்டருக்கு 50 கிராம் பாசி கிடைத்தது. மொத்தச் சராசரி 10 கிராம் அளவில் நின்றது, ஏனென்றால் அங்கே ராத்திரிக் குளிர் கடுமை. தேனியில் அந்தக் குளிர் இல்லை, தாராளமாக 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4,000 சதுர மீட்டர், ஆக நாளுக்கு 80 கிலோ உலர்ந்த பாசி. கால்வாசி எண்ணெய் என்றால் 20 கிலோ. லிட்டரில் சுமார் 22. பங்க்கில் விற்கும் பெட்ரோல் விலையையே, வரி உட்பட, உங்கள் கையில் கொடுத்தாலும் ஏக்கருக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். வரவு அவ்வளவுதான். இனி செலவு.

அந்த 80 கிலோ பாசி எங்கே இருக்கிறது? தண்ணீரில். குளத்தில் ஒரு லிட்டருக்கு அரை கிராம்தான் பாசி இருக்கும். அதற்கு மேல் அடர்ந்தால் ஒன்றின் நிழலில் ஒன்று வாடும். அப்படியானால் நாளுக்கு 1,60,000 லிட்டர் தண்ணீரை இறைத்து, வடித்து, திரும்பக் குளத்தில் விட வேண்டும். ஒரு குண்டான் சாம்பாரில் கரைத்த பெருங்காயத்தைத் திரும்ப எடுக்கும் வேலை இது. எண்ணெய் அதிகமுள்ள பாசிகள் பலவும் சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு) இருக்கும், துணியில் நிற்காது. வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். அதில் சுற்றி எடுத்த பிறகும் கையில் கிடைப்பது விழுதுதான், ஐந்து பங்கில் நான்கு பங்கு தண்ணீர். 80 கிலோ பாசியோடு 320 கிலோ தண்ணீர். அதைக் கொதிக்க வைத்து விரட்ட ஏறக்குறைய 830 மெகாஜூல் வெப்பம் வேண்டும். உங்கள் 20 கிலோ எண்ணெய்க்குள் இருப்பதே 740 மெகாஜூல். அடுப்புக்கே பத்தாது. வெயிலில் காய வைக்கலாம், அதற்கு இன்னொரு களம், ஆட்கள், மழை வராத வானம்.

அப்புறம் ஆவியாவது. குளம் ஒரு சாண் ஆழம்தான் இருக்கும், ராட்டினச் சக்கரம் ஒன்று ராப்பகலாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் போனாலும் ஏக்கருக்கு 20,000 லிட்டர். 22 லிட்டர் எண்ணெய்க்காக 20,000 லிட்டர் போர்த் தண்ணீரைத் தினமும் வானத்துக்கு அனுப்ப உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சம்மதிப்பாரா? உப்புத் தண்ணீரில் வளரும் பாசியும் உண்டு. ஆனால் ஆவியான இடத்தில் ஊற்ற நல்ல தண்ணீர்தான் வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தழைச்சத்தும் வேண்டும்: என் கணக்கில் நாளுக்குப் பன்னிரண்டு கிலோ யூரியா. எண்ணெய் எடுத்த சக்கையை மக்க வைத்துத் திரும்பக் கொடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும். காற்றில் உள்ள கரியமில வாயு போதாது, ஒரு கிலோ பாசிக்கு 1.8 கிலோ வாயுவைத் தண்ணீருக்குள் குமிழிவிட வேண்டும். பக்கத்தில் மின் நிலையமோ சிமென்ட் ஆலையோ இருந்தால் குழாய் போடலாம்.

இத்தனையும் செய்த பிறகு ஒரு காலையில் குளம் பழுப்பாக நிற்கும். ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத ஜந்து தின்றிருக்கும், அல்லது கைட்ரிட் என்ற பூஞ்சை பிடித்திருக்கும். மேலே சொன்ன சாப்ஃபயர் நிறுவனமே, அத்தனை விஞ்ஞானிகளை வைத்துக்கொண்டு, நியூ மெக்சிகோ பண்ணையில் அந்தப் பூஞ்சையோடு மல்லுக்கட்டியது.

காட்டாமணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 2003-ஐ ஒட்டி மத்திய அரசே பயோடீசல் இயக்கம் என்று அறிவித்தது. தரிசு நிலத்தில் தண்ணீர் இல்லாமல் டீசல் விளையும் என்றார்கள். என் சித்தப்பா மகன் அருப்புக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் நட்டான். கன்று விற்றவர்கள் கொட்டையை வாங்க வரவில்லை. வந்திருந்தாலும் அள்ளிக் கொடுக்க அவனிடம் காய்ப்பு இல்லை. தண்ணீர் விடாத செடி உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். உங்களிடம் வந்தவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: முதலீடு அவர்களுடையது, நிலக் குத்தகை மட்டும் உங்களுக்கு என்றால் சம்மதமா என்று. பேச்சு அங்கேயே தெளிவாகிவிடும்.

கேள்வி: அந்த ஒரு ஏக்கரில் பாசிக்குப் பதில் சோலார் பலகை போட்டால்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஏக்கருக்கு 200 கிலோவாட் பலகை பிடிக்கும், நாளுக்கு 800 யூனிட் கிடைக்கும். மின்சாரக் கார் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போனால் 4,800 கிலோமீட்டர். பாசியின் 22 லிட்டரில், லிட்டருக்குப் பதினைந்து என்று வைத்தாலும், 330 கிலோமீட்டர். பாசி வெயிலில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பிடிப்பதே பெரிய விஷயம், பலகை இருபதைப் பிடிக்கிறது. பெட்ரோல் வாசனையிலேயே வாழ்ந்தவன் நான், எழுத மனசு வரவில்லை, கணக்கு அப்படி.

கேள்வி: இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பை எண்ணெய் முதலாளிகள் விலைக்கு வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள் என்கிறேன் நான். மறுக்க முடியுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: முடியும் சார். எண்ணெய் முதலாளிகளுக்கு நான் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை, அவர்கள் எனக்குப் பென்ஷன் தருவதும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் பூட்டியதற்கு ஆதாரம் இல்லை, திறந்து வைத்ததற்கு நிறைய இருக்கிறது.

முதல் பெரிய முயற்சி அரசாங்கத்துடையது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1978-இல் அமெரிக்க எரிசக்தித் துறை நீர்வாழ் உயிரினத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. நாடு முழுக்கக் குளம், குட்டை, உப்பளம் என்று அலைந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாசி வகைகளைச் சேர்த்தார்கள்; அலசி முந்நூறாகக் குறைத்தார்கள். எண்ணெய் சேர வேண்டுமானால் பாசியைத் தழைச்சத்து இல்லாமல் பட்டினி போட வேண்டும் என்று கண்டார்கள். பட்டினி போட்டால் எண்ணெய் சதவீதம் ஏறுகிறது, வளர்ச்சி நின்றுவிடுகிறது. சதவீதம் கூடி, மொத்தம் கூடவில்லை. இந்த முடிச்சை யாரும் சுலபமாக அவிழ்த்துவிடவில்லை. 1996-இல் திட்டம் மூடப்பட்டது. மொத்தச் செலவு சுமார் இரண்டரைக் கோடி டாலர். 1998-இல் வந்த இறுதி அறிக்கை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் படிக்கும்படி இருக்கிறது. நம்பிக்கையான கணக்கிலும் பாசி டீசல் சாதா டீசலைப்போல் இரண்டு மடங்கு விலை வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இனி முதலாளி. எக்ஸான்மொபில் 2009 ஜூலையில், மனித மரபணுத் தொகுதியைப் படித்துப் புகழ்பெற்ற கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தோடு கைகோத்தது. அறுபது கோடி டாலர் வரை செலவழிப்போம் என்று அறிவித்தார்கள். நான்கு ஆண்டு கழித்து எக்ஸான் தலைவர் ரெக்ஸ் டில்லர்சன், இது வர இருபத்தைந்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் விடவில்லை. 2017-இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது: நானோகுளோராப்சிஸ் என்ற பாசியில் ஒரு மரபணுவின் வேகத்தைக் குறைத்து, வளர்ச்சியை அவ்வளவாகக் கெடுக்காமல், எண்ணெயை இருபது சதவீதத்திலிருந்து நாற்பதுக்குமேல் கொண்டுபோனார்கள். அதை ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளியிட்டார்கள். பெட்டியில் பூட்டுகிறவன் பத்திரிகையில் போடுவானா? 2018-இல், 2025-க்குள் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரல் செய்யும் திறன் வந்துவிடும் என்று இலக்கு வைத்தார்கள். உலகம் ஒரு நாளில் குடிப்பது பத்துக் கோடி பேரல். அந்தப் பத்தாயிரமும் வரவில்லை. 2022 கடைசியில் எக்ஸான் பணத்தை நிறுத்திக்கொண்டது. அதற்குள் சுமார் முப்பத்தைந்து கோடி டாலர் போயிருந்தது.

அவர்கள்மேல் எனக்குள்ள புகார் உங்கள் புகாருக்கு நேர் எதிரானது. மறைக்கவில்லை, அளவுக்கு மீறிக் காட்டினார்கள். டெலிவிஷனில் பச்சைத் தண்ணீரைக் காட்டிக் காட்டி, நாளைக்கே பங்க்குக்கு வந்துவிடும் என்ற நினைப்பை மக்கள் மனதில் பதித்தார்கள். அந்தப் பச்சை விளம்பரம் ஓடிய வருடங்களிலும் கிணறு தோண்டுவது நிற்கவில்லை. இதைப் பற்றிக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியில் பச்சையாகப் படர்கிறதே, அதில் எவ்வளவு எண்ணெய் தேறும்?
(இல்லத்தரசி, சேலம்)

பதில்: ஒரு தாளிப்புக்குக்கூடத் தேறாது அம்மா. தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வெளிச்சம் புகாத மூடி வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கடற்படை பாசி எரிபொருளைத் தங்கம் விலைக்கு வாங்கியதாகப் படித்தேன். ஏன் வாங்கினார்கள்?
(வங்கி ஊழியர், சென்னை)

பதில்: சோலசைம் என்ற நிறுவனத்திடம் 20,055 கேலன், 85 லட்சம் டாலருக்கு. கேலன் 424 டாலர் வருகிறது, லிட்டருக்கு 112 டாலர். செய்தித்தாள்கள் கிழிகிழி என்று கிழித்தன. இதில் நான் கடற்படை பக்கம். அது ஓட்டுவதற்கு வாங்கிய எண்ணெய் அல்ல, என்ஜினில் ஊற்றிச் சோதித்துச் சான்று கொடுக்க வாங்கியது. சிறு அளவில் புதிதாகச் செய்யும் எதுவும் அந்த விலைதான் வரும். 2012-இல் ஹவாய் அருகே நடந்த பயிற்சியில் கப்பல்களும் விமானங்களும் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டிக் காட்டியபோது 4,50,000 கேலன் 1.2 கோடி டாலருக்கு வந்தது. கேலன் 27 டாலருக்குள். அதிலும் பெரும்பகுதி பழைய பொரித்த எண்ணெயும் விலங்குக் கொழுப்பும்தான்.

சோலசைம் கதையில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. அவர்களுடைய பாசி வெயிலையே பார்க்காது. இருட்டு ஸ்டீல் தொட்டியில் சர்க்கரையைக் குடித்துக் கொழுக்கும். வெயிலைப் பிடிக்கும் வேலையைக் கரும்பு செய்துவிட்டது, பாசி வெறும் சமையல்காரன். அறுவடைச் சிக்கல் குறையும், சரி. ஆனால் சர்க்கரை விலை எண்ணெய் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். நிறுவனம் 2016-இல் டெராவியா என்று பெயர் மாற்றிக்கொண்டு சமையல் எண்ணெய், சத்து மாவு என்று இறங்கியது, 2017-இல் திவால். நெதர்லாந்தின் கார்பியான் இரண்டு கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

கேள்வி: எங்கள் பக்கம் சுருள்பாசி வளர்த்து மாத்திரையாக விற்கிறார்கள். அதில் எரிபொருள் எடுக்கக் கூடாதா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: சுருள்பாசியில் அறுபது சதவீதம் புரதம், கொழுப்பு பத்துக்கும் கீழே. எண்ணெய்க்கு உதவாது. ஆனால் நல்ல கேள்வி கேட்டீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தார் பெரிய அளவில் வெட்டவெளிக் குளங்களில் வருடக்கணக்காக வளர்க்கிறார்களே, அங்கே மட்டும் ஏன் கட்டுப்படியாகிறது? முதலில், சுருள்பாசி வளரும் தண்ணீர் கடும் காரம். அதில் வேறு பாசியோ பூச்சியோ சுலபமாகத் தலையெடுக்காது. அடுத்து, அது இழை இழையாக நீளமானது; வலைத்துணியில் வடித்துவிடலாம், சென்ட்ரிஃப்யூஜ் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரையாகக் கிராம் கணக்கில் விற்கிறது. பெட்ரோல் லிட்டர் கணக்கில், உலகத்திலேயே மலிவான திரவங்களில் ஒன்றோடு போட்டி போட வேண்டும். சாப்ஃபயரும் கடைசியில் எரிபொருளை விட்டு ஒமேகா-3 பக்கம் திரும்பியது இதனால்தான். குழந்தைகளுக்கான பால்பவுடர் டப்பாவில் ‘டிஎச்ஏ’ என்று ஒரு ஒமேகா-3 கொழுப்பின் பெயர் போட்டிருக்கும், பாருங்கள். அதில் பெரும்பாலும் பாசி எண்ணெய்தான்.

கேள்வி: 1996-இல் வந்த மூலிகை பெட்ரோலும் இதுவும் ஒன்றுதானே?
(வாசகர், ராஜபாளையம்)

பதில்: இல்லை. பாசியில் எண்ணெய் இருக்கிறது, விலைதான் கட்டவில்லை. மூலிகை பெட்ரோலில் மூலிகை இருந்ததாகவே எந்த ஆய்வுக்கூடமும் காட்டவில்லை.

கேள்வி: சாக்கடை நீரில் பாசி வளர்த்தால் உரச் செலவும் மிச்சம், ஊரும் சுத்தம். ஏன் செய்யவில்லை?
(நகராட்சி ஊழியர், கரூர்)

பதில்: இதுவரை வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். பாசியைச் சுத்திகரிப்புக்கு வேலைக்காரனாக வைக்கலாம் என்பது 1950-களிலேயே கலிஃபோர்னியா பெர்க்லியில் பேராசிரியர் வில்லியம் ஆஸ்வால்ட் காட்டியது. பாசி வெயிலில் ஆக்சிஜன் விடும், பாக்டீரியா அதை மூச்சிழுத்துக் கழிவைத் தின்னும், தின்று விட்ட தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பாசி எடுத்துக்கொள்ளும். இன்று உலகம் முழுக்கப் பாசி வளர்க்கும் ஓடுபாதைக் குளம், அதாவது சக்கரம் தண்ணீரைச் சுற்றிச் சுற்றித் தள்ளும் ஆழமில்லாத குளம், அவர் வடிவமைத்ததிலிருந்து வந்ததுதான்.

உரம் சின்ன விஷயம் இல்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கவுன்சில் 2012-இல் ஒரு கணக்குப் போட்டது. அந்த நாட்டின் போக்குவரத்து எரிபொருளில் ஐந்தே சதவீதத்தைப் பாசியில் எடுக்க, சத்துக்களை மறுசுழற்சி செய்யாவிட்டால், நாடு மொத்தமும் பயன்படுத்தும் தழைச்சத்தில் 44 முதல் 107 சதவீதம் வரை தேவைப்படும். வயலுக்கு யூரியாவா, காருக்கா என்று வந்து நிற்கும். ஆகவே சாக்கடை நீர்தான் நியாயமான இடம்.

தெற்கு ஸ்பெயினில் சிக்லானா என்ற கடலோர ஊரில் அக்வாலியா நிறுவனத்தார் 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியப் பணத்தோடு இதைச் செய்தார்கள். அவர்கள் புத்திசாலித்தனம் எங்கே என்றால், எண்ணெய் எடுக்கப் போகவே இல்லை. கழிவுநீரில் வளர்ந்த பாசியை உலர்த்தாமல் ஈரத்தோடு மூடிய கலனில் போட்டு மீத்தேன் எடுத்து, சுத்தம் செய்து, கார்களுக்கு நிரப்பி ஓட்டினார்கள். அடுப்புச் செலவு என்று தேனி விவசாயிக்குச் சொன்னேனே, அது இங்கே அடிபட்டுப் போகிறது. இன்னொரு வழியும் உண்டு: அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தில் ஈர விழுதையே 350 டிகிரியில் கடும் அழுத்தத்தில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் க்ரூட்டாக மாற்றிக் காட்டினார்கள், 2013-இல். அது என் போன்ற ரிஃபைனரிக்காரனுக்கு நாக்கில் எச்சில் ஊறும் விஷயம். ஆனால் நகராட்சிக்கு மீத்தேன்தான் கைக்கு அடக்கம். உங்கள் ஊரில் செய்ய நினைத்தால் முதல் தடை, சாயக் கழிவு கலக்காத சாக்கடை நீர் கிடைப்பது. நிறம் ஏறிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது. இரண்டாவது தடை இடம். ஓடுபாதைக் குளத்துக்கு ஏக்கர் கணக்கில் வேண்டும். பேருந்து நிலையத்துக்கே இடம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்வி.

கேள்வி: எம்.எஸ்சி. தாவரவியல் முடிக்கப் போகிறேன். பாசியில் ஆராய்ச்சி செய்ய ஆசை. நீங்கள் சொல்வதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. வேறு துறைக்குப் போய்விடவா?
(மாணவி, திருச்சி)

பதில்: உங்கள் ஊரிலேயே, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் இருக்கிறது, இந்த ஆசையோடு திருச்சியில் இருந்துகொண்டு வேறு துறைக்குப் போவதாவது! பாசி படிப்புக்குத் தமிழ்நாடு பழைய ஊர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அங்கேயே இருந்த டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகள் பற்றி 1959-இல் எழுதிய பெரிய நூலை இன்றும் உலகம் முழுக்கப் புரட்டுகிறார்கள்.

எண்ணெய் அதிகமுள்ள புது இனம் தேடும் வேலையில் மட்டும் சேராதீர்கள்; மூவாயிரத்துக்கு மேல் ஏற்கெனவே தேடியாகிவிட்டது. பாசியைத் தண்ணீரிலிருந்து மலிவாகப் பிரிப்பது எப்படி, தானாக அடியில் படியும் இனங்கள் எவை, கைட்ரிட் பூஞ்சையைக் குளம் பழுப்பாவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி, இந்த மாதிரி ஒன்றைக் கையில் எடுங்கள். கூடவே வேதிப் பொறியியல் துறையில் ஒரு வழிகாட்டியையும் பிடித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ‘பாசி பெட்ரோல் எப்போது வரும்’ என்று கேட்பார்கள், எல்லோரும் கேட்பார்கள். அதற்கு நேரத்தை வீணாக்காமல், ஒரு லிட்டரில் அரை கிராம் என்று ஆரம்பித்துவிடுங்கள்.